கள்ளக் கசெற்றுக்கு ஒரு நல்ல வார்த்தை

யாழ்ப்பாணத்துப் பாவித்த சாமான் கடைகளில் பழைய வீடியோ கேம் கசெற் தேடித் திரிகிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். கைப்பேசியில் அமெரிக்க விலைப்பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு கடைக்குள் நுழையாதீர்கள். அது நமக்கான பட்டியல் அல்ல. அதைப் பார்த்துத் தேடினால் சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி என்று நாள் முழுக்க அலைந்துவிட்டு, மாலையில் வந்து "யாழ்ப்பாணத்தில் ஒன்றுமே இல்லை" என்று முகநூலில் எழுதுவீர்கள். போன கிழமைகூட ஒருவர் அப்படி எழுதியிருந்தார். கீழே ஆமாம் போடுவதற்கும் ஆட்கள் இருந்தார்கள்.

இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் இங்கே தேடி எடுக்கத் தகுந்தது ஒரிஜினல் கசெற் அல்ல, கள்ளக் கசெற்தான். யார் செய்தது என்று தெரியாத, மஞ்சள் கூட்டுக்குள் அடைத்த, "9999999 இன் 1" என்று கூசாமல் பொய் எழுதிய அதே கசெற். சேகரிப்பாளர் குழுக்களில் அதன் படத்தைப் போட்டால் சிரிக்கிறார்கள். எறிந்துவிடச் சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு நம்மூர்க் கணக்குத் தெரியாது.

நின்டெண்டோ நிறுவனம் ரீவியில் பூட்டி விளையாடும் பமிகொம் பெட்டியை ஜப்பானில் விற்பனைக்கு விட்ட நாள் 1983 ஜூலை 15. அதற்கு அடுத்த கிழமை இந்த நாட்டில் என்ன நடந்தது என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நான்கு பற்றரி போட்டு விளையாடும் கேம்போய் 1989இல் வந்தது. மறுவருடம் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் சேர்ந்துகொண்டது. உலகத்துப் பிள்ளைகள் ரெற்றிஸ் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த காலத்தில், இங்கே பெரியவர்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்பு வசதியான ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெட்டி இருந்திருந்தாலும், ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு அதைத் தூக்கிக்கொண்டு யார் நாவற்குழிப் பாலத்தைக் கடந்திருப்பார்கள்?

ஆக, எண்பதுகளின் அசல் சரக்கு இங்கே கிடைக்கவில்லை என்று குறைப்படுவதில் அர்த்தமே இல்லை. அது இங்கே வரவே இல்லை. வந்தது 2002இல். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்த பிறகு கொழும்புப் புறக்கோட்டையில் குவிந்து கிடந்த சீனத் தயாரிப்பு ரீவி கேம் பெட்டிகள் லொறிகளில் ஏறி வடக்கே வந்தன. அப்போது பமிகொமுக்கு வயது பத்தொன்பது. கொழும்பில் வசதியான பிள்ளைகள் பிளேஸ்டேஷன் 2 பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நின்டெண்டோ பமிகொம் உற்பத்தியை 2003இல் முற்றாக நிறுத்தியது. அங்கே அவர்கள் கடையைச் சாத்துகிற நேரத்தில்தான் இங்கே நாங்கள் முதல் கசெற்றைச் செருகினோம். 2006 ஓகஸ்ட்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. எங்கள் எட்டு பிட் காலம் அவ்வளவுதான். அந்தக் காலத்தில் இந்த மண்ணில் புழங்கியது கள்ளக் கசெற். அதை எறிந்துவிட்டு ஒரிஜினலைத் தேடுவது அடுத்த வீட்டுக்காரரின் போட்டோ அல்பத்தை நம் வீட்டு அலுமாரியில் வைப்பதற்குச் சமம்.

அந்தக் கசெற்றுகளுக்குள் என்ன இருந்தது என்பதற்கும் காரணம் உண்டு. பட்டியலில் இலட்சக்கணக்கான விளையாட்டு என்று காட்டும், உண்மையில் கைவிரல்களுக்குள் எண்ணி முடிக்கலாம். அதே மரியோவை மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கவிட்டு, அதற்கு வேறு பெயர் சூட்டியிருப்பார்கள். சூப்பர் மரியோவின் முதல் விளையாட்டு மொத்தமே 40 கிலோபைட். செங்கல் சுவர்களுக்கு நடுவே தாங்கி ஓட்டிக் கழுகைக் காக்கும் பற்றில் சிற்றி அதிலும் சிறியது. ஒரே சில்லுக்குள் பலவற்றை அடைக்க வேண்டியவர்கள் இப்படிச் சின்னதாகப் பார்த்துத்தான் பொறுக்கினார்கள். பாதியில் விட்டதைச் சேமித்துவைக்கும் நீண்ட விளையாட்டுகள் உள்ளே பற்றரி கேட்டன. பற்றரி வைத்தால் செலவு. ஆகவே அந்த வகை எங்களுக்கு வந்து சேரவில்லை, கரண்ட் நிற்பதற்குள் ஆடி முடிக்கக்கூடியவைதான் வந்தன. (நிஜத் தாங்கிகள் வீதியில் போய்வரப் பார்த்த பிள்ளைகள், வீட்டுக்குள் ஓடிவந்து தாங்கி ஓட்டி விளையாடினோம். இப்போது யோசித்தால் விசித்திரம். அப்போது யாரும் யோசிக்கவில்லை, இரண்டாவது ஜொய்ஸ்ரிக் யாருக்கு என்பதில்தான் சண்டை.)

எங்கே தேடுவது என்று கேட்பவர்களுக்கு: பாவித்த தளபாடக் கடைகளை விடுங்கள், அங்கே மேசையும் கட்டிலும்தான். பழைய இரும்புக் கடைக்கு வருவது வரும்போதே நசுங்கிவிடும். போக வேண்டிய இடம் ரேடியோ, ரீவி திருத்தகம். அதுவும் கண்ணாடிக் கதவு போட்ட புதுக் கடை அல்ல. வாசலில் உடைந்த மின்விசிறிகள் சாய்ந்து நிற்க, உள்ளே ஒரு ஐயா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஈயம் உருக்கிக்கொண்டிருக்கும் கடை. 2003இலோ 2004இலோ பிள்ளைகள் திருத்தக் கொடுத்துவிட்டு, வீதி மூடிய பிறகு வந்து எடுக்காமல் போன பெட்டிகள் அங்கேதான் உறங்குகின்றன.

வலிகாமத்தில் அப்படியொரு கடையில், கசெற் இருக்கிறதா என்று கேட்டதும் ஐயா முதலில் பாட்டுக் கசெற்றை எடுத்து நீட்டினார். விளங்கப்படுத்திய பிறகு மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கற் பேணியை இறக்கினார். ரிமோட் மூடிகள், துருப்பிடித்த ஆணிகள், இவற்றுக்கு அடியில் ஒரு மஞ்சள் கசெற். ஒட்டுப்படத்தின் பாதியைக் கரப்பான் தின்றிருந்தது. மீதிப் பாதியில் ஓர் ஆங்கிலப் படக் கதாநாயகனின் கை மட்டும் துவக்கோடு நின்றது. பின்பக்கம் நீலப் பேனையால் ஒரு பிள்ளையின் பெயரும், "தரம் 7 பி" என்ற வகுப்பும், கீழே "இரவல் கேட்க வேண்டாம்" என்ற எச்சரிக்கையும். வீட்டுக்குக் கொண்டுவந்து கூட்டைத் திறந்தால் உள்ளே இரண்டு பல்லி முட்டைக் கோதுகள். பலகையில் கால் முளைத்த சில்லு எதுவும் இல்லை. வெறும் சிலிக்கன் துண்டின் மேல் ஊற்றி இறுகவிட்ட கறுப்புப் பிசின் குமிழ் மட்டும். கள்ளக் கசெற்றின் கைநாட்டு அதுதான். அந்தக் குமிழ் வெடித்தால் எந்தக் கொம்பனாலும் திருத்த முடியாது. வெடிக்காமல் இருந்தால் இன்னும் இருபது வருடம் ஓடும். இது ஓடுகிறது. ஐயா முதலில் காசே வேண்டாம் என்றார். பிறகு ஒரு பழுதான ரிமோட்டையும் சேர்த்துத் தலையில் கட்டி முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

ஒரிஜினலே கிடைக்காதா என்றால், கிடைக்கும். ஆனால் அது கடைச் சரக்கு அல்ல, பயணப்பெட்டிச் சரக்கு. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற வெளிநாட்டுக் குடும்பங்கள், பிள்ளைகள் வளர்ந்ததும் வேண்டாமென்று ஒதுக்கியதை இங்கே மச்சான் வீட்டுப் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்து விட்டுப்போனவை. கேம்போய் கசெற்றின் ஒட்டுப்படத்தில் ஓரமாகப் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். அதன் கடைசி மூன்று எழுத்தைப் பாருங்கள். என்.ஓ.இ. என்றால் ஜெர்மன் பதிப்பு, யு.கே.வி. என்றால் இலண்டன் பக்கம், எப்.ஆர்.ஏ. என்றால் பிரான்ஸ். சேகா என்ற மற்ற நிறுவனத்தின் கசெற்றில் "மெகா டிரைவ்" என்றிருந்தால் ஐரோப்பாவிலிருந்து வந்தது. "ஜெனசிஸ்" என்றிருந்தால் பெரும்பாலும் கனடா. எந்தச் சித்தப்பா எந்த நாட்டுக்கு ஓடினார் என்பதைக் கசெற்றைப் புரட்டியே சொல்லிவிடலாம். கொன்ட்ரா என்ற சுடும் விளையாட்டைத் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பாவில் அது புரொபொரெக்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. மனித வீரர்களுக்குப் பதிலாக இயந்திர மனிதர்கள். பெயர் வேறு என்பதால் கடைக்காரர் மலிவாகத் தள்ளிவிடுவார், வாங்கிவிடுங்கள்.

கனடாச் சரக்கில் மட்டும் எச்சரிக்கை தேவை. அங்கே மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. அங்கிருந்து வந்த அடப்டரை நம் சுவரில் நேராகச் செருகினால் விளையாட்டு அன்றே முடிந்தது. இன்னொன்று, மேற்கு நாட்டு நின்டெண்டோ கசெற்றில் 72 முனைகள், பமிகொம் வழி வந்த நம் பெட்டிகளில் 60. இடையில் மாற்றி இல்லாமல் அது உள்ளேயே போகாது. ஆசையாக வாங்கிவந்து அரத்தால் கூட்டை ராவிய ஆட்களும் உண்டு.

இனி விலை. 2021 ஜூலையில் உறை பிரிக்காத ஒரு சூப்பர் மரியோ 64 கசெற் அமெரிக்க ஏலத்தில் 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்குப் போனது. அந்தக் காணொலி எப்படியோ நம்மூர்க் கடைகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. இப்போது மீசை வைத்த எந்தப் படம் ஒட்டியிருந்தாலும் விலை ஐயாயிரத்தில் தொடங்குகிறது. கடைக்காரரில் எனக்குக் கோபமில்லை. திருத்தகத்து ஐயாமாரிடம் நூறு, இருநூறு கொடுத்து அள்ளிக்கொண்டுவந்து, "மிக அரியது, கடைசி விலை" என்று இருபதாயிரத்துக்கு முகநூலில் போடுகிற கெட்டிக்காரர்களில்தான் கோபம். அதில் அரியது அந்த விலைக்கு வாங்குகிற ஆள் மட்டும்தான்.

கள்ளக் கசெற்றுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பதற்காக, அதை ஒரிஜினல் விலைக்கு வாங்கச் சொல்லவில்லை. கேம்போய் அட்வான்ஸின் போக்கிமோன் கசெற்றுகளில் இந்த மோசடி அதிகம். கீழ்ப்பக்கத் துவாரம் வழியே வெளிச்சத்தில் பாருங்கள், அசல் என்றால் பலகையின் விளிம்பில் நின்டெண்டோ பெயர் அச்சாகியிருக்கும். ஒட்டுப்படத்தைச் சரித்துப் பிடித்தால் அதில் அமுக்கிப் பதித்த சிறு இலக்கம் தெரியும். இரண்டும் இல்லையென்றால் நகல், நகலின் விலையைப் பேசுங்கள். அசலாக இருந்தாலும் போக்கிமோன் கோல்ட், சில்வர் இரண்டிலும் பற்றரி பெரும்பாலும் செத்திருக்கும். உள்ளே மணிக்கூடும் அதே பற்றரியில் ஓடுவதால் முந்தைய பதிப்புகளைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். புதிது போட ஈயம் வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும், கூட்டைத் திறக்க 3.8 மில்லிமீற்றர் விசேட முடுக்கி வேண்டும். பேனையை உருக்கி அச்செடுத்துத் திறக்கும் காணொலிகளைப் பார்த்து முயலாதீர்கள்.

ஊதாதீர்கள் என்றும் சொல்லியாக வேண்டும். ஊதினால் வேலை செய்தது என்று எல்லோரும் சத்தியம் செய்வார்கள். வேலை செய்தது ஊதியதால் அல்ல, கழற்றி மறுபடி செருகியதால். வாயின் ஈரம் முனைகளை அரிக்கும் என்று நின்டெண்டோவே எச்சரித்திருக்கிறது. கடல் மூன்று பக்கமும் சூழ்ந்த இந்த ஊரின் உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடிக்க அதிக நாள் எடுக்காது, நீங்கள் வேறு துப்ப வேண்டாம். பாமசியில் ஸ்பிரிற்றும் காதுப் பஞ்சும் வாங்கித் துடையுங்கள். கறை போகாவிட்டால் பள்ளிக்கூட அழிறப்பரை மெல்ல ஓட்டுங்கள், பிறகு மறுபடி ஸ்பிரிற்.

கடைசியாக ஒரு சுயநலக் கோரிக்கை. 1984இல் வந்த வாத்துச் சுடும் விளையாட்டின் துவக்கு எனக்குக் கிடைத்திருக்கிறது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துவக்கின் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். தட்டை ரீவியில் அந்த மின்னல் தாமதமாக வருவதால் எத்தனை தோட்டா விட்டாலும் பறவைக்கு ஒன்றும் ஆகாது, நாய் மட்டும் சிரிக்கும். பழைய பெட்டி ரீவிதான் வேண்டும். யாராவது மழைக்கு முதல் வீடு ஒதுக்கி, பெட்டி ரீவியை இரும்புக்காரருக்குப் போடப் போகிறீர்கள் என்றால் உட்பெட்டியில் எழுதுங்கள். 21 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், வீட்டில் அம்மா கதவைத் திறக்கமாட்டார். கொக்குவில், கோண்டாவில், திருநெல்வேலிக்குள் என்றால் ஓட்டோக் காசு என்னுடையது. வடமராட்சி என்றால் பாதிப் பாதி.