வெய்ஜிக்குள் வாய்ப்பு இல்லை

சனிக்கிழமை அந்த அரங்கில் நடந்ததை உங்களில் பலர் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். பேச்சாளர் திரையில் இரண்டு சீன எழுத்துகளைக் காட்டினார். "நெருக்கடியைச் சீனர்கள் 'வெய்ஜி' என்பார்கள். வெய் என்றால் ஆபத்து, ஜி என்றால் வாய்ப்பு" என்றார். கைதட்டல் எழுந்தது. சீன மொழிபெயர்ப்பாளரான நான் எழுந்து, அது தவறு என்றேன். "நல்ல கருத்துதானே மேடம், விட்டுவிடுங்கள்" என்று அவர் சிரிக்க, அரங்கமும் சிரித்தது.

விட முடியவில்லை. நான்கு நாளாக அந்தச் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

வெய்ஜி என்ற சொல்லுக்குள் வாய்ப்பு இல்லை. 'ஜி' என்ற எழுத்துக்கு இயந்திரம், திருப்புமுனை என்று பல பொருள்கள் உண்டு. அதனுடன் 'ஹுய்' சேர்ந்து 'ஜிஹுய்' ஆகும்போது வாய்ப்பு. ஜி தனியாகவே வாய்ப்பு என்றால், விமானத்தைக் குறிக்கும் 'ஃபெய்ஜி' பறக்கும் வாய்ப்பா? கைபேசியைக் குறிக்கும் 'ஷோஜி' கையில் இருக்கும் வாய்ப்பா? வெய்ஜி என்றால் ஆபத்து முற்றிய கட்டம். அதைக் கேட்கும் சீனர் அஞ்சுவார், மகிழ மாட்டார்.

நாளை பெய்ஜிங்கில் ஒருவர் மேடையேறி, "தமிழர்கள் இருக்கையை நான்கு கால் என்கிறார்கள், வாழ்க்கை நான்கு தூண்களில் நிற்கிறது என்பது அவர்கள் தத்துவம்" என்று பேசினால் நாம் கைதட்டுவோமா? நாற்காலியில் உட்காரும்போது யார் காலை எண்ணுகிறார்கள்?

பின்னாளில் அமெரிக்க அதிபரான கென்னடியே இதைச் சொன்னாரே என்று காணொளியின் கீழே எழுதுகிறார்கள். ஆம், 1959இல் சொன்னார், பிறகும் சொன்னார். அவருக்குச் சீனம் தெரியாது. சீன நண்பர் ஒருவரே ஒப்புக்கொண்டார் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொண்டிருக்கலாம். நம் ஊரிலும் தமிழ்ச் சொற்களுக்குப் பொய் வேர் சொல்பவர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். தாய்மொழி என்பதாலேயே சொன்னதெல்லாம் சரியாகிவிடுமா?

"ஒரு சொல்தானே, என்ன குடி முழுகிவிட்டது?" என்ற கேள்விதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 2021 ஜூலை 1 அன்று, சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் நூற்றாண்டு விழாவில் அதிபர் ஷி ஜின்பிங் பெய்ஜிங்கின் தியனன்மென்னில் பேசினார். சீனாவை ஒடுக்க நினைக்கும் வெளிச் சக்திகள் சீன மக்கள் எழுப்பிய எஃகுப் பெருஞ்சுவரில் மோதித் 'தோ போ ஷுவே லியூ' ஆவார்கள் என்றார். எழுத்துக்கு எழுத்து எடுத்தால் தலை உடைந்து ரத்தம் ஓடும். மேற்கத்தியச் செய்திகளில் அந்த ரத்தம் தலைப்பானது. சீன அரசின் ஆங்கில வடிவத்திலோ ரத்தமே இல்லை, எஃகுப் பெருஞ்சுவர் மட்டும் நின்றது. சீனத்தில் அது படுதோல்விக்கும் வழங்கும் நாலெழுத்து மரபுத்தொடர். நாம் 'மூக்குடைபட்டான்' என்று எழுதினால் யாராவது மருத்துவமனைக்கு ஓடுகிறார்களா? அந்தப் பேச்சில் மிரட்டல் இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது. அதன் அளவு என்ன என்பதுதான் கேள்வி. ஒரு தரப்பு அதைக் கூட்டியது, மறுதரப்பு குறைத்தது. நடுவில் நின்று சரியாகச் சொல்ல முயலும் எங்களைப் பார்த்துத்தான் அரங்கம் சிரிக்கிறது.

பெய்ஜிங்கில் படித்தபோது வறுத்த கடலையும் காரமும் தின்று எனக்கு வாய்ப்புண் வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா முகத்தைப் பார்த்ததும் "ஷாங் ஹுவோ" என்றார். நெருப்பு ஏறிவிட்டது. சாமந்திப்பூத் தேநீர் போட்டுக் கொடுத்தார். எனக்கு அகராதி தேவைப்படவில்லை. என் அம்மா "உடம்புச் சூடு" என்று சொல்லி மோர் கொடுத்த அதே குரல். வீட்டை விட்டு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அன்று அழுதேன்.

பின்னாளில் ஒரு சிறுகதையை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது அதே சொல் வந்தது. இரண்டு நாள் யோசித்து, உடலில் ஏறிய சூடு என்ற பொருள் வரும்படி எழுதினேன். பதிப்பாசிரியர் என்னைக் கேட்காமல் அதை 'இன்ஃப்ளமேஷன்', அதாவது அழற்சி, ஆக்கிவிட்டார். அடுப்படியில் நின்று பேரனைக் கடிந்துகொண்ட பாட்டி அச்சில் மருத்துவர்போலப் பேசினாள். அதே கதையில் 'ஜியூஜியூ', 'ஷூஷூ' இரண்டும் 'அங்கிள்' ஆயின. தாய்மாமனும் சித்தப்பாவும் ஒருவரா? தாய்மாமன் என்ற உறவின் எடை தெரிந்த எனக்கு அந்தப் பக்கத்தைப் படிக்கவே கூசியது. எதிர்த்தபோது "படிப்பவருக்கு எளிமை வேண்டும்" என்றார். மேடைக்காரர் இல்லாததை ஏற்றினார், இவர் இருந்ததை அழித்தார். அந்த மொழியில் வாழ்பவர்கள் அந்தச் சொல்லை எங்கே, எப்போது சொல்கிறார்கள் என்று இருவருமே கேட்கவில்லை.

"சீனம் தெரிந்த திமிர்" என்று எழுதியவருக்கு: பதினொரு ஆண்டு படித்த பிறகும் தினமும் அகராதியைத் திறக்கிறேன். தெரியாததால்தான் திறக்கிறேன். ஒரு படத்தை இணையத்தில் எடுத்து மேடையில் காட்டியவரிடம் நீங்கள் 'திமிர்' என்று சொல்லவில்லை.

ஒரு கல்லூரி மாணவி மட்டும் நேரடியாகக் கேட்டார்: "அப்படியானால் வெய்ஜியை எப்படிச் சொல்வது, அக்கா?" நெருக்கடி என்று சொல், தங்கை. ஆங்கிலத்தில் கிரைசிஸ். அவ்வளவுதான் அந்தச் சொல்.