வட்டைவிதானைமாரை மாகாணசபைக்கு அனுப்புங்கள்

எங்கள் கிழக்கு மாகாணசபைத் தேர்தல் பற்றிய பேச்சு எழும்பும் போதெல்லாம் கட்சிக்காரர் கேட்கிற முதல் கேள்வி, "ஆருக்கு எவ்வளவு வாக்கு இருக்கு?" என்பதுதான். எந்தக் குளத்து வாய்க்கால் எங்கே உடைந்து கிடக்கிறது என்று தெரிந்தவர் ஆர் என ஒருவரும் கேட்டு நான் காணவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. தகப்பன் ஒரு போடியாரின் (பெரிய வயல் சொந்தக்காரரின்) வயலில் முல்லைக்காரனாக (வயலைப் பார்த்துச் செய்கிற ஆளாக) இருந்தவர். மகன் சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுவிட்டு வயலுக்குள் இறங்கினார். 2007இல் யுத்தத்தால் படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து கிழக்குப் பக்கத்து எழுவான்கரை முகாம்களில் கிடந்தபோது அவரும் குடும்பத்தோடு அங்கேதான். திரும்பி வந்தால் வட்டை (வயல்வெளி) முழுக்கப் பற்றை, வாய்க்கால் தூர்ந்து போயிருந்தது, வரம்பு எது என்று தெரியவில்லை. ஆட்களைத் திரட்டி அந்த வாய்க்காலை வெட்டிச் சுத்தம் செய்ய முன்னுக்கு நின்றவர் அவர். அடுத்த போகத்தில் விவசாயிகள் அவரையே வட்டைவிதானையாகத் தெரிவு செய்தார்கள்.

வெளியூர் நண்பர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். வட்டைவிதானை அரசாங்க உத்தியோகத்தர் அல்ல. விவசாயிகள் கூடித் தெரிவு செய்கிற ஆள். ஏக்கருக்கு இவ்வளவு என்று அவர்களே நெல்லாகக் கூலி கொடுப்பார்கள். எந்தக் கண்டத்துக்கு (வயல் பிரிவுக்கு) எந்த நாளில் தண்ணீர், யார் இன்னும் தன் பங்கு வாய்க்காலை வெட்டவில்லை, யாருடைய மாடு யாருடைய வேளாண்மைக்குள் இறங்கியது, எல்லாம் அவர் தலையில்தான். சிறுபோகத்தில் (வெயில்கால வேளாண்மையில்) குளம் வற்றத் தொடங்கினால் நடுச்சாமத்தில் மண்வெட்டியோடு மடை திறக்க வருகிறவனை அவர்தான் தடுக்க வேண்டும். தடுக்கப்பட்டவன் அவருடைய சொந்த மச்சானாகவும் இருப்பான். அடுத்த நாள் அதே மச்சான் வீட்டுக் கலியாணத்தில் போய் இருந்து சாப்பிடவும் வேண்டும். வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைக்கண்டத்துக் காரனுக்கும் தொடக்கத்தில் இருக்கிற தலைக்கண்டத்துக் காரனுக்கும் நடுவே நின்று, இரண்டு பேருக்கும் முழுத் திருப்தி இல்லாத, ஆனால் இரண்டு பேரும் ஏற்றுக்கொள்கிற ஒரு முடிவை எடுத்து, அதை அந்தப் போகம் முடியும்வரை காப்பாற்றுவது சின்ன வேலை இல்லை. நான் அதை அரசியல் என்றுதான் சொல்வேன். எங்கள் மாவட்டத்தில் நடக்கிற மிக நேர்மையான அரசியல் அதுதான்.

பிறகு அவர் விவசாய அமைப்பின் தலைவரானார். பிரதேசசபைக்கும் போனார், அங்கே வீதி விளக்கும் கிறவல் வீதியுமாகக் காலம் போனது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2012 செப்டம்பர் 8ஆம் திகதி நடந்த கிழக்கு மாகாணசபைத் தேர்தலில் ஒரு கட்சி அவரைப் பட்டியலில் போட்டது. தோற்றுப் போனார்.

எப்படித் தோற்றார் என்பதுதான் முக்கியம். அன்றைய முறையில் கிழக்கு மாகாணசபைக்கு 37 ஆசனங்கள். அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10, மிச்சம் 2 போனஸ். வாக்காளர் கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு, அதன் பட்டியலில் மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்குப் போட முடிந்தது. மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதி. ஆகவே விருப்பு வாக்கில் மேலே வர வேண்டுமானால் வாகரையிலிருந்து பெரியகல்லாறு வரைக்கும் முகம் தெரிய வேண்டும். சுவரொட்டி, வாகனம், எண்ணெய், கூட்டம், சாப்பாடு என்று காசு ஆறாக ஓட வேண்டும். இவரிடம் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். அவருடைய வட்டையிலும் பக்கத்து வட்டைகளிலும் சனம் மனதாரப் போட்டது. வாவிக்கு இந்தப் பக்கம் அவரை யாருக்குத் தெரியும்? அவர் சேர்த்துக் கொடுத்த வாக்குகள் கட்சியின் கணக்கில் ஏறின, ஆசனம் நகரத்தில் அறியப்பட்ட முகங்களுக்குப் போனது. பட்டியலில் விவசாயி எதற்கு வைக்கப்படுகிறார் என்பதை அன்றைக்குத்தான் நான் விளங்கிக்கொண்டேன்.

"விவசாயி போய் அங்கே என்ன செய்யப் போகிறார், சட்டம் தெரியுமா, இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2015க்குப் பிறகு எங்கள் மாகாண விவசாய அமைச்சராக இருந்த கி. துரைராசசிங்கம் ஒரு சட்டத்தரணி. சட்டம் தெரிந்தவர் சபையில் இருக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 37 பேரில் தண்ணீர் தெரிந்தவர் எத்தனை பேர் இருக்க வேண்டும்?

அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி விவசாயம் மாகாணத்துக்கு உரிய விடயம். நீர்ப்பாசனம் மாகாணத்துக்குள் ஓடுகிற தண்ணீர் அளவில்தான். ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களுக்குள் ஓடுகிற ஆறுகள் கொழும்பின் கையில். நடைமுறையில் என்ன நடக்கிறது? பெரிய குளங்கள் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்தில், நடுத்தரக் குளங்கள் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தில், சின்னக் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தில். அதுவும் மத்திய அரசினுடையது. மாரியில் குளக்கட்டு ஒன்று கசியத் தொடங்கினால் எந்தக் கந்தோருக்கு ஓடுவது என்பதிலேயே ஒரு நாள் போய்விடும். நான் சொன்ன ஐயாவுக்கு அந்தக் கந்தோர் எது, அங்கே எந்த மேசைக்குப் போக வேண்டும், எந்த மாதத்துக்கு முதல் கடிதம் கொடுத்தால் வேலை நடக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். இந்த அறிவைப் பட்டப்படிப்புக்குக் கீழே வைக்க என்னால் முடியாது.

2017 செப்டம்பர் 30ஆம் திகதியோடு கிழக்கு மாகாணசபையின் காலம் முடிந்தது. அதே மாதம் நாடாளுமன்றம் தேர்தல் முறையை மாற்றியது. புதிய முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் 139 வாக்குகளால் தோற்கடித்தது. ஆதரவாக ஒரு வாக்குக்கூட இல்லை. பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல் தேர்தல் தொங்கிப் போனது. ஆளுநரின் ஆட்சி மட்டும் நடந்தது.

அந்த வெறுமை எவ்வளவு வலித்தது என்று 2021இல் தெரிந்தது. மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் திருப்பி எடுத்தார்கள். அதற்குள் எங்கள் பெரும்போக விதைப்புத் தொடங்கியிருந்தது. மஞ்சளாகிப் போன வேளாண்மையைப் பார்த்துக்கொண்டு வரம்பில் இருந்த ஆட்களை நான் கண்டிருக்கிறேன். மாகாணசபை இருந்திருந்தால் அந்தத் தடையை நீக்கியிருக்கும் என்று நான் சொல்லவில்லை, அந்த அதிகாரம் அதற்கு இல்லை. ஆனால் சத்தம் போட 37 வாய்களாவது இருந்திருக்கும்.

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை விடயமும் இதே கதைதான். பெரும்போகம் தொடங்க முன்னர் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கும் திகதியோடு சேர்த்து, மாடுகளை வட்டையை விட்டு எடுக்க வேண்டிய திகதியையும் தீர்மானிப்பார்கள். எடுத்த மாடு எங்கே போகும்? அந்த மேய்ச்சல் தரைக்குத்தான். அது பறிபோனால் பால் பண்ணையாளர் மட்டும் இல்லை, வேளாண்மைக்காரனும் சேர்ந்துதான் பாதிக்கப்படுகிறான். 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் அந்தத் தரையைக் கேட்டு வீதியோரத்தில் உட்கார்ந்தபோது இந்தத் தொடர்பை விளக்கிச் சொன்ன அரசியல்வாதிகள் மிகக் குறைவு. வட்டைவிதானை ஒருவரைக் கேட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

உரிமைப் பிரச்சினை முதலில், வாய்க்கால் பிறகு என்று சிலர் சொல்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் எங்கள் உரிமைப் பிரச்சினை எங்கே தொடங்கியது? 1949இல் தொடங்கிய கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் மண்ணும் தண்ணீரும் கைமாறியதில் இருந்துதானே? இன்றைக்கும் இடதுகரை வாய்க்காலின் கடைசியில் இருக்கிற நாவிதன்வெளிப் பக்கத்து விவசாயியிடம் போய்க் கேளுங்கள், அவருக்கு இரண்டும் ஒன்றுதான். சம்மாந்துறை முஸ்லிம் விவசாயியும் அதே தண்ணீருக்குத்தான் காத்திருக்கிறார். தேர்தல் மேடையில் சேராத தமிழரும் முஸ்லிம்களும் தண்ணீர்க் கூட்டத்தில் ஒரே வாங்கில் இருந்து பேசுகிறார்கள். அந்த வாங்கில் இருந்து பழகிய ஆட்களை ஏன் சபைக்கு அனுப்பக்கூடாது?

விவசாயி வீட்டுப் பிள்ளை என்று சொல்லி வென்று, பிறகு வட்டைப் பக்கமே திரும்பாதவர்களும் உண்டு. ஏர்பூட்டு விழாவுக்கு வேட்டி கட்டி வந்து படம் எடுத்துவிட்டுப் போவார்கள். அதனால் பிறப்பை மட்டும் பார்க்க வேண்டாம். போன போகத்தில் அவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். 2025இல் நெல்லுக்கு உத்தரவாத விலை, நாடு 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132 என்று பெப்ரவரி 5ஆம் திகதி அறிவித்தார்கள். எங்கள் பக்கம் வெட்டு மெசின் அதற்கு முன்னமே வயலுக்குள் இறங்கிவிட்டது. கடன்காரன் வாசலில் நிற்க, களத்தில் வைத்தே வியாபாரிக்குக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். கிழக்கின் அறுவடை நாட்காட்டியைத் தெரிந்த ஒருவர் ஜனவரி தொடக்கத்திலேயே கொழும்பில் போய் நின்றிருப்பார்.

சரி, மறுபடி தேர்தலில் நிற்பீர்களா என்று ஐயாவிடம் கேட்டேன். "எனக்கு ஏலாது மனே, இளம் பொடியனுகளைப் பாருங்க" என்றார். இளம் ஆட்கள் இருக்கிறார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்துவிட்டுத் தகப்பனின் வயலையும் செய்கிற பெண்பிள்ளைகள்கூட இருக்கிறார்கள். வவுணதீவு, பட்டிப்பளை, போரதீவுப்பற்று, செங்கலடி, ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒருவரையாவது கட்சிகள் இப்போதே தேடிப் பிடிக்க வேண்டும். பட்டியலை நிரப்புவதற்காக என்றால் வேண்டாம். கட்சியே செலவைப் பொறுப்பெடுத்து, நகரத்து வேட்பாளர் தன் மேடையில் அவருடைய இலக்கத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய முறையிலேயே தேர்தல் நடந்தால் விருப்பு வாக்கில் மூன்று இடம் இருக்கும், ஒன்றை அவருக்குக் கேளுங்கள்.

எங்கள் ஊருக்கு வாக்குக் கேட்டு வருகிற எல்லோரிடமும் நான் மூன்று விடயம் கேட்கப் போகிறேன். எங்கள் குளம் எந்தத் திணைக்களத்தின் கீழ் இருக்கிறது? போன ஆரம்பக் கூட்டத்துக்கு நீங்கள் வந்தீர்களா? கடைக்கண்டத்துக்குத் தண்ணீர் வராத நாளில் யாருக்குத் தொலைபேசி எடுப்பீர்கள்? நீங்களும் உங்கள் ஊரில் கேளுங்கள். வருகிற பதில்களை இங்கே கீழே எழுதுங்கள், எந்தக் கட்சி என்றாலும் பரவாயில்லை.