அளவுச் சட்டை கொடுக்காமல் தைத்த கதை

நேற்று ஒரு தம்பி உள்பெட்டியில் கேட்டார்: "அண்ணே, ராஸ்பெரி பை ஜீரோவிலேயே கம்பைல் பண்றேன்னு சொன்னா ஆபீஸ்ல சிரிக்கிறாங்க. அவ்வளவு கேவலமா அது?"

கேவலமே இல்லை. பை ஜீரோ ஒரு சின்ன கணினிப் பலகை; கம்பைல் என்பது நாம் எழுதிய நிரலை அது ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுவது. டெபியன் என்ற லினக்ஸ் ஓஎஸ் இன்றும், பை ஜீரோவில் இருப்பதுபோன்ற ஏஆர்எம் வகை சிப்களுக்கான தொகுப்புகளை ஏஆர்எம் இயந்திரங்களில் வைத்துத்தான் பில்ட் செய்கிறது, அதாவது கம்பைல் செய்து கட்டுகிறது. சிரிப்பவர்கள் வேகத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

வேகம் பிரச்சினைதான், மறுக்கவில்லை. பை ஜீரோவில் ஒரே ஒரு கோர், 1 ஜிகாஹெர்ட்ஸ், 512 எம்பி ரேம். கொஞ்சம் கனமான சி++ ஃபைல் ஒன்று வந்தால் போதும், நினைவகம் தீர்ந்து ஓஎஸ்ஸின் மையமான கர்னலே கம்பைலரைக் கொன்றுவிடும். எஸ்டி கார்டின் ஒரு பகுதியை ரேம்போலப் பயன்படுத்தும் ஸ்வாப் போட்டால் உயிரோடு இருக்கும், ஆனால் ஊர்ந்துகொண்டிருக்கும். கார்டும் தேயும்.

அதனால்தான் நானும் ஒருமுறை லேப்டாப் பக்கம் போனேன். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்கும் சின்ன புரோகிராம். லேப்டாப்பின் உபுண்டு 22.04-இல், வேறு வகை சிப்புக்காக இங்கிருந்தே கம்பைல் செய்யும் க்ராஸ் கம்பைலரை நிறுவி ஒரு தட்டு தட்டினேன், இரண்டு நொடியில் தயார். பை ஜீரோவுக்குக் காப்பி செய்து ஓட்டினால், புரோகிராம்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.34 இல்லை என்கிறது. லேப்டாப்பில் இருப்பது 2.35, பையில் இருந்த ராஸ்பியனின் (டெபியனிலிருந்து பைக்காக உருவாக்கிய ஓஎஸ்) புல்ஸ்ஐ பதிப்பில் 2.31. சரி, லைப்ரரியையும் உள்ளேயே வைத்துக் கட்டிவிடுவோம் என்று ஸ்டாட்டிக்காக பில்ட் செய்தேன். இப்போது 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்'. சிப்புக்குத் தெரியாத கட்டளை வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரே வரி, அதோடு செத்துவிட்டது.

இங்கேதான் வேடிக்கை. நான் நிறுவியது 'ஆர்ம்ஹெச்எஃப்' என்ற 32 பிட் ஏஆர்எம் வகைக்கான கம்பைலர். டெபியன், உபுண்டு இரண்டிலும் 'ஆர்ம்ஹெச்எஃப்' என்றால் குறைந்தது ஏஆர்எம்வி7, அதாவது ஏஆர்எம் கட்டளைத் தொகுப்பின் ஏழாம் பதிப்பு. பை ஜீரோவின் சிப் ஏஆர்எம்வி6. ராஸ்பியனும் அதே 'ஆர்ம்ஹெச்எஃப்' பெயரைத்தான் வைத்திருக்கிறது, ஆனால் உள்ளே எல்லாவற்றையும் 6-க்காக மறுபடி பில்ட் செய்திருக்கிறார்கள். பெயர் ஒன்று, ஆள் வேறு. 6-க்கே கம்பைல் செய் என்று கட்டளையிலும் சேர்த்துப் பார்த்தேன். நான் எழுதிய வரிகள் மட்டும் 6 ஆயின. கூட வந்து ஒட்டிக்கொண்ட லைப்ரரியும் தொடக்கக் கோப்புகளும் 7 ஆகவே இருந்தன.

தையல்காரரிடம் போகும்போது அளவுச் சட்டை கொண்டு போவோம் இல்லையா? அதைத்தான் க்ராஸ் கம்பைலில் சிஸ்ரூட் என்கிறோம். கருவியில் இருக்கும் ஹெடர்களையும் லைப்ரரிகளையும் அப்படியே லேப்டாப்புக்கு எடுத்து வந்து, அவற்றைப் பார்த்துத் தைக்கச் சொல்வது. அப்போதும் கம்பைலர் ஏஆர்எம்வி6-க்கென்று கட்டப்பட்டதாக இருக்க வேண்டும். லைப்ரரி எங்கே இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் ஓசைப்படாமல் லேப்டாப் பாதையை நீட்டுகிறதா என்றும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். கருவியிலேயே பில்ட் செய்தால் தையல்காரர் வீட்டுக்கே வந்து அளவெடுப்பதுபோல. நேரமாகும், ஆனால் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

லேப்டாப்பிலேயே வேறு சிப்பைப்போல நடித்து ஓட்டிக் காட்டும் க்யூஎம்யூ இருக்கிறதே என்பார்கள். அதையும் நம்பி ஏமாந்திருக்கிறேன். எந்த சிபியு என்று சொல்லாமல் விட்டால் அது 7-இன் கட்டளைகளையும் ஓட்டிக் காட்டிவிடும். அங்கே ஓடியது பை ஜீரோவில் படுத்துவிட்டது.

இப்போது என் வழக்கம் சோம்பேறித்தனமானது. பை ஜீரோவின் கார்டைக் கழற்றி பை 4-இல் போடுவேன். அதே 32 பிட் ஓஎஸ், அதே கம்பைலர், அதே லைப்ரரி, நான்கு கோர், கூடுதல் ரேம். பில்ட் முடிந்ததும் கார்டு பழைய இடத்துக்கே திரும்பிவிடும். நூறு கருவிக்கு அனுப்பும் பொருள் என்றால் இது சரிவராது, கருவிக்கான மொத்த சிஸ்டத்தையும் லேப்டாப்பிலேயே கட்டித் தரும் பில்ட்ரூட் போன்ற ஒன்றை உட்கார்ந்து கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு தொட்டிக்கு எதற்கு அது?

தம்பி, சிரித்தவர்களிடம் ஒன்று கேளுங்கள். உபுண்டு 22.04-இல் நேராக நிறுவிய 'ஆர்ம்ஹெச்எஃப்' க்ராஸ் கம்பைலரால் ஒரு ஹலோ வேர்ல்டு கட்டி, உங்கள் பை ஜீரோவில் ஓட்டிக் காட்டட்டும். டீ நான் வாங்கித் தருகிறேன்.