சத்தம் எங்கேப்பா?

மதுரை செல்லூரில் காதுகுத்து வீட்டுக் குழாய் ஸ்பீக்கர் விடிகாலை 5 மணிக்கே அலறுகிறது. அதற்கு யார் டிரைவர் சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்தார்கள்? என் கம்ப்யூட்டர் மட்டும் அப்டேட் ஆகும்போதெல்லாம் ஊமையாகிவிடும். சத்தத்தை அதுவாகவே எச்டிஎம்ஐ பக்கம், அதாவது மானிட்டருக்குப் போகும் கேபிள் பக்கம் திருப்பிவிட்டிருக்கும். என் மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாதே சாமி!

இந்த முறை அதுவும் இல்லை. மேசைக்கடியில் டார்ச்சோடு படுத்து, பச்சை ஓட்டையில் ஸ்பீக்கர், பிங்க்கில் மைக் என்று பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். டிரைவரை அழித்து மறுபடி போட்டேன். ரீஸ்டார்ட் நாலு தடவை. 'சாதனம் சரியாக இயங்குகிறது' என்கிறது கம்ப்யூட்டர். யாருக்கு?

சரி என்று டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே கணீரென்று பாடுகிறது. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! வீட்டுக்கு வந்து மாட்டினேன். மறுபடி மௌன விரதம். காதுகுத்து வீட்டில் அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது.