உருளைக்கிழங்கு அப்படி என்ன பாவம் பண்ணியது?

சித்தப்பாவுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் உருளைக்கிழங்குக்குத் தடை. அந்த இடத்தில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வந்து உட்கார்ந்துகொண்டது. மாலையானால் நல்ல பெரிய கிழங்காக இரண்டு, தோலோடு சுட்டு, ரசித்து ரசித்துச் சாப்பிடுகிறார். பேரிலேயே சர்க்கரை இருக்கிறதே சித்தப்பா என்றால் முறைக்கிறார். "இது நல்ல கிழங்குடா, எல்லாரும் சொல்றாங்க."

சரி, எல்லாரும் சொல்வதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் பச்சைக் கிழங்கில் உருளைக்கு 77 கலோரி, சர்க்கரைவள்ளிக்கு 86. கார்போஹைட்ரேட் 17 கிராம், 20 கிராம். நார்ச்சத்து 2 கிராம், 3 கிராம். புரதம் இரண்டிலும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்குத்தான் ஒன்றை மருந்து மாதிரியும் இன்னொன்றை விஷம் மாதிரியும் பார்க்கிறோம். வேடிக்கை என்னவென்றால் பொட்டாசியம் உருளையில்தான் அதிகம், வைட்டமின் சி-யும் உருளையில் கிட்டத்தட்ட 20 மில்லிகிராம் இருக்க, சர்க்கரைவள்ளியில் 2, 3 மில்லிகிராமோடு சரி.

சர்க்கரைவள்ளி நிஜமாகவே ஜெயிக்கிற இடம் வைட்டமின் ஏ. ஆரஞ்சு நிறச் சதை உள்ள கிழங்கில் 100 கிராம் சாப்பிட்டாலே பெரியவர் ஒருவரின் ஒரு நாள் தேவை ஏறக்குறைய முடிந்துவிடும், உருளையில் அது இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் வெட்டிப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும். உள்ளே வெள்ளையாக இருந்தால் இந்தப் பெருமையெல்லாம் அதற்குப் பொருந்தாது, ஏனென்றால் அந்தச் சத்தைத் தருகிற பீட்டா கரோட்டின்தான் ஆரஞ்சு நிறத்தையும் தருகிறது. ஆப்பிரிக்காவில் பல இடங்களில் காலங்காலமாக வெள்ளைச் சதைக் கிழங்கைத்தான் சாப்பிட்டு வந்தார்கள், குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ குறைபாடும் இருந்தது. அங்கே ஆரஞ்சு ரகங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காகவே மூன்று பேருக்கு 2016-இல் உலக உணவுப் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த மூவரும் வேலை பார்த்த இடத்தின் பெயர் சர்வதேச உருளைக்கிழங்கு மையம் என்பது தனிக் கூத்து.

இப்போது சித்தப்பாவின் இரண்டு கிழங்குக்கு வருகிறேன். சுட்ட சர்க்கரைவள்ளியைப் பிட்டால் தோலுக்கும் சதைக்கும் நடுவே பிசுபிசுவென்று பாகு கசியும், விரலில் ஒட்டிக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். அது வெளியிலிருந்து வந்ததில்லை. மெல்ல மெல்லச் சூடேறும்போது கிழங்கிலேயே இருக்கிற ஒரு நொதி மாவுச்சத்தை உடைத்து மால்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றிவிடுகிறது. அதனால்தான் அதே கிழங்கு வேகவைத்தால் ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிற வேகம் ஒரு மாதிரியும், சுட்டால் அதைவிட நன்றாகவே அதிகமாகவும் இருக்கிறது.

உருளை மட்டும் பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. சுடச்சுட வெந்த உருளையும் சர்க்கரையை வேகமாகத்தான் ஏற்றும். வேகவைத்து நன்றாக ஆறவிட்டால் மாவுச்சத்தில் கொஞ்சம் எளிதில் செரிக்காத வகையாக மாறும், அதில் சிறிது ஆதாயம் உண்டு. அப்புறம், வயிறு நிறைவதில் உருளையை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1995-இல் வந்த ஓர் ஆய்வில் 38 உணவுகளைச் சாப்பிட வைத்துப் பார்த்ததில் வேகவைத்த உருளைதான் முதலிடம், வெள்ளை ரொட்டியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதையே மெல்லிசாகச் சீவி எண்ணெயில் பொரித்து 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல் ஏற்றிவிட்டு, பழியைக் கிழங்கு மேல் போடுகிறோம்.

நேற்று இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லி, எந்தக் கிழங்கானாலும் வேகவைத்து ஒன்றே ஒன்று சாப்பிடுங்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "வேகவெச்சா அந்தப் பாகு வராதேடா" என்றார்.