புது கெக்கோவை முதல் நாளே கையில் எடுக்காதீர்கள்

“லெப்பர்டு கெக்கோவை (செல்லப்பிராணியாக வளர்க்கும் ஒரு பல்லி வகை) வாங்கிய அன்றே ஒரு மணி நேரம் கையில் வைத்தால் பழகிவிடும், சாப்பிடாவிட்டால் வாயைத் திறந்து ஊட்டுங்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு. பயந்தால் அது வாலையே உதிர்த்துவிடும். மறுபடி முளைக்கும், ஆனால் பழைய வடிவில் அல்ல. அந்தக் கொழுத்த வால்தான் அதன் உணவுச் சேமிப்பு. வளர்ந்த கெக்கோ சில நாள் சாப்பிடாததற்குப் பதற வேண்டாம். வாயை வலிந்து திறந்தால் தாடையில் காயம்படும்.

அதை வைக்கும் தொட்டியில் தேவையானவை: ஒரு பக்கம் 30 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25 டிகிரி அளவில் வெப்பம், ஒளிய இடம், ஈரமான பாசி வைத்த பெட்டி, தண்ணீர். ஓரிரு வாரம் தொந்தரவு செய்யாதீர்கள். இருட்டியதும் மறைவிலிருந்து மூக்கு நுனி எட்டிப் பார்க்கும், நாக்கால் தரையை நக்கிப் பார்க்கும், பழகத் தொடங்கிவிட்டது! பிரிட்டனின் விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ. இணையதளத்தில் பராமரிப்புக் குறிப்புகள் உள்ளன, சரிபாருங்கள். குட்டி சாப்பிடாவிட்டாலோ வால் மெலிந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அந்தத் தகவலை யாருக்கும் அனுப்பாதீர்கள்.