கொரசோன் அக்கினோ தேர்தலில் நின்றவர்தான்

கொரசோன் அக்கினோ தேர்தலையே சந்திக்காமல், ராணுவக் கலகத்தால் பிலிப்பைன்ஸ் அதிபரானார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல.

1986 பிப்ரவரி 7 அன்று நடந்த அதிபர் தேர்தலில் அப்போதைய அதிபர் மார்க்கோஸை எதிர்த்து நின்றவர் அவர். தேர்தல் ஆணையத்தின் கணக்கில் மார்க்கோஸ் முன்னிலை. நாம்ஃப்ரெல் என்ற குடிமக்கள் கண்காணிப்பு அமைப்பின் கணக்கில் அக்கினோ முன்னிலை. ஆணையத்தின் கணினிப் பணியாளர்கள் சுமார் 30 பேர், எண்கள் திரிக்கப்படுவதாகச் சொல்லி 9ஆம் தேதி இரவு வெளிநடப்புச் செய்தார்கள். ஆனாலும் 15ஆம் தேதி நாடாளுமன்றம் மார்க்கோஸையே வெற்றியாளராக அறிவித்தது. குழப்பம் இங்கிருந்து வந்திருக்கலாம்.

ராணுவத்தில் ஒரு பிரிவு கலகத்தில் இறங்கியது 22ஆம் தேதி. அந்தப் பிரிவைக் காத்தது தலைநகர் மணிலாவின் எட்சா சாலையில் திரண்ட மக்கள். 25ஆம் தேதி அக்கினோ பதவியேற்றார்.

சரிபார்ப்பது எளிது. அந்த மாதத்து நாளிதழ் எதையும் இணையக் காப்பகத்தில் எடுத்து, வாக்குப்பதிவு நாளையும் கலகம் தொடங்கிய நாளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே 15 நாள் இடைவெளி இருக்கிறது.